மண்ணைப் படிக்கும் மாணாக்கர்

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்னர், குஷாய்குடாவில் எம் இல்லத்திற்கு அடுத்த வீதியில் வாழும் சங்கத்து அன்பர் ஒருவர் மாலை வேளையில் எம்மைத் தேடி வந்தார். அவருடைய மகளும் உடன் வந்தாள். அப்பெண் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயில்பவள். தமிழ்நாட்டில் நடைபெறவிருந்த அகழாய்வுப் பயிற்சி ஒன்றிற்கு அவளும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள். அது மகளுக்குப் பெருமகிழ்ச்சி, தந்தைக்கோ பெருங்கவலை.

"பாருங்கள் ஐயா! வரலாறு படிக்கிறேன் என்றாள்; சரி என்றேன். இப்பொழுது இருபது நாள் வெயிலில் நின்று குழி தோண்டப் போகிறாளாம். மண்வெட்டி பிடிக்கவா இத்தனை செலவு செய்து படிக்க வைத்தேன்?" என்றார் அன்பர்.

"அது மண்ணைத் தோண்டுவது அன்று மாமா, மண்ணைப் படிப்பது. அப்பாவிற்கு நீங்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றாள் அவள்.

யாமோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் புகைவண்டித் துறையில் எழுத்தராகப் புகுந்தோம். பெரும்புலவர்கள் எழுத வேண்டிய பொருளைப் பற்றி உடனே தீர்ப்புக் கூற எமக்குத் தகுதி ஏது? ஆதலின் ஒரு வாரத் தவணை கேட்டோம். அவ்வாரம் முழுதும் கிடைத்த நூல்களைப் புரட்டினோம், கற்றோரை வினவினோம். அன்பருக்கு அன்று யாம் கூறிய விடையையே சற்று விரித்து, ஆண்டு விழா மலரின் வழியாகச் சங்கத்தார் அனைவருக்கும் ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

விலாசச் சீட்டு இழந்த மூட்டை

புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் பணியாற்றியோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒரு மூட்டையின் மதிப்பு அதனுள் இருக்கும் பண்டத்தில் மட்டும் இல்லை. அதன்மேல் ஒட்டிய சீட்டிலும், உடன் வரும் பட்டியலிலும் பாதி மதிப்பு இருக்கின்றது. எங்கிருந்து புறப்பட்டது, என்று புறப்பட்டது, எந்த வண்டியில் எந்தப் பெட்டியில் எவற்றோடு ஏற்றப்பட்டது என்பவை தெரிந்தால்தான் மூட்டை உரியவரைச் சேரும். சீட்டுக் கிழிந்து போயின், உள்ளே பட்டாடையே இருந்தாலும் அஃது உரிமையற்ற சரக்காகி மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

மண்ணுக்குள் புதைந்த பழம்பொருளின் நிலையும் இதுவே. ஒரு பானை ஓடு எந்த மண்ணடுக்கில், எத்துணை ஆழத்தில், எந்தெந்தப் பொருள்களோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் விலாசச் சீட்டு. அச்சீட்டைக் கிழித்துவிட்டு ஓட்டை மட்டும் எடுத்து வந்து கண்ணாடிப் பேழையில் வைத்தால், அது காண்போர்க்குக் காட்சியாகும், ஆராய்வோர்க்குச் சான்றாகாது.

நம் நாட்டில் நெடுங்காலம் இச்சீட்டைச் சரிவரப் போற்றவில்லை. பேரறிஞர்கள் பெருநகரங்களைத் தோண்டி எடுத்தனர். அவர்தம் தொண்டு பெரிது. ஆயினும் அவர்களுட் பலர், குறித்த மட்டத்திலிருந்து இத்தனை அடி ஆழம் என்று அளந்து, அவ்வாழத்தில் கிடைத்தவை யாவும் ஒரே காலத்தவை என்று கொண்டனர். இதிலுள்ள பிழையை எளிதிற் காணலாம். இன்று நம் வீட்டு முற்றத்தில் பத்தடி ஆழத்திற்கு ஒரு குப்பைக் குழி எடுத்து, அதில் உடைந்த கண்ணாடிக் குவளையைப் போட்டு மூடுகின்றோம் என்க. குழிக்கு அருகே அதே ஆழத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மட்கலம் கிடக்கலாம். ஆழத்தை மட்டும் நோக்குவோர் குவளையையும் கலத்தையும் உடன்பிறந்தவை என்பர். மண்ணின் நிறத்தையும் அடுக்கையும் நோக்குவோரோ, குழியின் விளிம்பு மேலிருந்து கீழே இறங்குவதைக் கண்டு, குவளை பிற்காலத்தில் வந்த விருந்தாளி என்று அறிவர். இவ்வாறு நோக்கும் பயிற்சியையே அகழாய்வுப் பள்ளி தருகின்றது.

தட்சசீலத்துப் பள்ளி

இந்தியாவில் இப்பயிற்சி பேரளவில் தொடங்கிய வரலாறு சுவையானது. மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கிலேயர் 1890-இல் பிறந்தவர். இரண்டு உலகப் போர்களிலும் படைப்பணி புரிந்தவர். 1934 முதல் 1937 வரை இங்கிலாந்தின் தென்பகுதியில் மெய்டன் காசில் என்னும் பழங்கோட்டையைக் கோடைதோறும் அகழ்ந்தபோது, மாணாக்கர்களைக் கூட்டி வைத்துக்கொண்டே அப்பணியை நடத்தினார். அம்மாணாக்கருள் நம் நாட்டவர் ஒருவரும் இருந்தார். அவரே பின்னாளில் புனே தக்காணக் கல்லூரியில் 1939-இல் ஆசிரியராக அமர்ந்து, தலைமுறை தலைமுறையாக மாணவர்களை ஆற்றங்கரைகளுக்கும் அகழ்குழிகளுக்கும் அழைத்துச் சென்ற எச். டி. சங்காலியா ஆவார்.

1944-இல் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து சேர்ந்தார். 1948 வரை அப்பதவியில் இருந்தார். வந்தவுடன் அவர் செய்த முதற் பணிகளுள் ஒன்று, தட்சசீலத்தில் ஓர் அகழாய்வுப் பள்ளியை அமைத்ததாகும். இன்று பாகிஸ்தானத்தில் உள்ள அப்பழம்பதியில், 1944-ஆம் ஆண்டின் இறுதியில் கூடாரங்கள் எழுந்தன. உலகப் போர் இன்னும் ஓயவில்லை. நாட்டின் பல பல்கலைக்கழகங்களிலிருந்தும் துறையின் அலுவலகங்களிலிருந்தும் அறுபது பேரளவில் இளைஞர்கள் வந்து கூடினர். பண்டைக் காலத்தில் தொலைநாடுகளிலிருந்தும் மாணாக்கர் தேடி வந்து கற்ற ஊர் அது என்பர். அங்கேயே மீண்டும் ஒரு பள்ளி கூடியது பொருத்தமன்றோ?

அங்கே கற்பிக்கப்பட்டவை யாவை? நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து பிரித்தல், சதுரங்களுக்கு இடையே தோண்டாத வரப்பை விட்டுவைத்தல், குழியின் பக்கச் சுவரைச் செதுக்கி நிறுத்தி, அதில் தெரியும் மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிட்டு வரைதல், கிடைத்த பொருள் ஒவ்வொன்றிற்கும் உடனே சீட்டு எழுதுதல், ஓடுகளைக் கழுவி, வகைப்படுத்திப் பதிதல், படம் எடுத்தல், அன்றன்றைய நிகழ்ச்சியை அன்றன்றே ஏட்டில் ஏற்றுதல். பெரும்பாலும் எழுத்தர் வேலையே! இதனைப் படித்தபோது எம் நெஞ்சில் எழுந்த உவகையை மறைப்பானேன்? ஒழுங்காகப் பதிவேடு எழுதத் தெரியாதவன் புதைபொருள் ஆராய்ச்சிக்கும் உதவான் என்பது தெளிவாயிற்று.

தட்சசீலத்தில் பயின்ற இளைஞர்களே விடுதலைக்குப் பின் நாட்டின் தொல்லியலைத் தாங்கினர். பி. பி. லால், பி. கே. தாப்பர் ஆகிய இருவரும் அங்கே பயின்றவர்கள். இருவரும் பிற்காலத்தில் அதே துறையின் தலைமை இயக்குநர் பொறுப்பை ஏற்றனர். ஒரு பருவத்துப் பள்ளி ஒரு நாட்டின் அறிவுத்துறைக்கே விதைநெல் ஆயிற்று.

அரிக்கமேட்டுக் கோடை

இனித் தமிழர்க்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். 1944-இல் சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிட வந்த வீலர், அங்கு ஓர் அலமாரியில் உடைந்த மட்சாடியின் கழுத்தும் கைப்பிடியும் கிடக்கக் கண்டார். அது மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பப் பயன்பட்ட சாடி வகையைச் சேர்ந்தது. கிடைத்த இடம் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்று அறிந்தார். தாமதமின்றிப் புகைவண்டியேறிப் புதுச்சேரி சென்றார். அவ்வூர் அன்று பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே அதே இடத்துப் பொருள்கள் பல சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

அரிக்கமேட்டின் கதை அதற்கு முன்னரே தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானநூலறிஞர் லெ ஜான்தீல், வீராம்பட்டினத்து மக்கள் ஆற்றங்கரையில் வெளிப்பட்ட பெரிய செங்கற்களைப் பெயர்த்துச் செல்வதைக் கண்டு எழுதினார். 1937-இல் பேராசிரியர் ழூவோ துப்ரேய், அவ்வூர்ச் சிறுவர்களிடமிருந்து பழைய மணிகளை வாங்கினார். அவற்றுள் ஒன்றில் உரோமப் பேரரசர் அகஸ்டசின் தலை செதுக்கப்பட்டிருந்ததாக அடையாளம் கண்டார். இவையெல்லாம் அரிய பொருள்களே. ஆயினும் சீட்டு இழந்த மூட்டைகள்.

1945-ஆம் ஆண்டுக் கோடையில் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். அதுவும் தட்சசீலப் பயிற்சியின் தொடர்ச்சியாகவே நடந்தது. கடற்கரை வெயில் எத்தகையது என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்தோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆழக் குழிகளில் நீர் ஊறியது, இறைத்துக்கொண்டே தோண்டினர். அடுக்கு அடுக்காக மண்ணைப் பிரித்தபோது, இத்தாலி நாட்டில் செய்யப்பட்ட சிவந்த மெருகுடைய அரட்டைன் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அவை ஏறத்தாழக் கிறித்து பிறந்த காலத்தையும் அதனை ஒட்டிய ஆண்டுகளையும் சார்ந்தவை என்பது ஐரோப்பிய ஆய்வால் முன்னரே உறுதிப்பட்டிருந்தது. அக்கலங்களோடு ஒரே அடுக்கில் நம் நாட்டுக் கலங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துக் கீறிய ஓடுகளும் இருந்தன.

இதன் பயன் யாது? இத்தாலியக் கலத்தின் காலம் தெரியும்; அதனோடு கிடந்த நம் கலத்தின் காலம் அதனால் தெரிந்தது. தென்னாட்டுப் பானை ஓட்டிற்கு நம்பத்தகுந்த ஆண்டுக் கணக்குக் கிடைத்தது. யவனர் கலங்கள் வந்ததையும் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு சென்றதையும் சங்கச் சான்றோர் பாடியுள்ளனர். அதனைப் புலவர் கற்பனை என்று ஒதுக்கியவர்களும் இருந்தனர். அக்கடல் வாணிகத்திற்கு மண்ணே சான்று கூறிற்று. இவ்வகழாய்வின் அறிக்கை 1946-இல் தொல்லியல் துறையின் 'பண்டைய இந்தியா' என்னும் வெளியீட்டின் இரண்டாம் இதழில் வந்தது. அதே இதழில், தென்னாட்டுப் பெருங்கற்புதைவுகளையும் தாழிகளையும் தமிழ் இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்த கே. ஆர். சீனிவாசன் அவர்களின் கட்டுரையும் வெளிவந்தது.

அடுத்த இணைப்பு 1947-இல் பூட்டப்பட்டது. கருநாடகத்துப் பிரமகிரியில் வீலர் அகழ்ந்தபோது, கற்கோடரி மக்களின் அடுக்கும், அதன்மேல் இரும்பு வழங்கிய பெருங்கற்காலத்தார் அடுக்கும், அதற்கும் மேல் ஆந்திரர் கால அடுக்கும் காணப்பட்டன. மேலடுக்கின் காலத்தைக் கணிக்க அரிக்கமேட்டு ஓடுகளே உதவின. வண்டியோடு வண்டி இணைத்தாற்போல, அரிக்கமேட்டின் காலம் பிரமகிரிக்குச் சென்றது; அங்கிருந்து தக்காணத்துக் கல்லறைகளை நோக்கிச் சென்றது.

வீலர் கூறிய யாவும் இன்று அப்படியே ஏற்கப்படவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்தனர்; உரோமக் கலம் வருவதற்கு முன்னரே அவ்வூர் வாழ்ந்தது என்று காட்டினர். தென்னாட்டில் இரும்பு வழங்கிய காலமும் வீலர் கருதியதினும் மிகப் பழமையானது என்பது பிற்காலக் கரிமக் கணிப்புகளால் தெரிந்தது. ஆயினும் அவரைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், அவர் ஒவ்வோர் அடுக்கையும் வரைந்து வைத்ததே. ஒழுங்கான கணக்கில் உள்ள பிழையைப் பின்வந்தவர் கண்டு திருத்தலாம். கணக்கே எழுதாதவனை எவர் திருத்துவார்?

அன்று தொடங்கிய நெறி நின்றுவிடவில்லை. 1959-இல் தில்லியில் தொல்லியல் பள்ளி நிறுவப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் காஞ்சிபுரத்திலும் உறையூரிலும் அகழ்ந்தது. கீழடியில் 2014-இல் மத்தியத் துறையும், 2018 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் அகழ்ந்த செய்தியை நாம் அனைவரும் நாளிதழ்களில் படித்தோம். அப்படங்களில் கண்ட சதுரக் குழிகளையும், இடையே விட்ட வரப்புகளையும், குழிச் சுவரில் தொங்கும் சிறு சீட்டுகளையும் நினைத்துப் பாருங்கள். தட்சசீலத்து இளைஞர் கற்ற பாடம் அங்கே கண்முன் நிற்கின்றது.

நம் வாசலில்

"இவையெல்லாம் புதுச்சேரியிலும் கீழடியிலும் நடந்தவை. குஷாய்குடாவில் வாழும் நமக்கு என்ன?" என்று கேட்பார் உளர். அவர்க்கு யாம் கூறுவது, உங்கள் வீட்டு மாடியில் ஏறி மௌலா அலிக் குன்றைப் பாருங்கள் என்பதே. அக்குன்றைச் சூழ்ந்த நிலங்களில் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் இருந்தன. ஹைதராபாத்தில் வாழ்ந்த ஹண்ட் என்னும் மருத்துவர், இப்பகுதிக் கல்வட்டங்களையும் கற்குவைகளையும் ஆராய்ந்து 1924-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காசிப்பேட்டைப் பாதையில் போன்கீரை அடுத்த ராயகிரியிலும் அத்தகைய சின்னங்கள் உள்ளன. அவ்வழியே எத்தனை முறை வண்டியில் சென்றிருக்கின்றோம்! சன்னல் வழியே பாறை என்று கண்டவற்றுள் எது முன்னோர் அடுக்கிய கல் என்பதை ஒருநாளேனும் எண்ணினோமா?

நிசாம் அரசு 1914-இலேயே தொல்லியல் துறையை அமைத்தது. குலாம் யஸ்தானி அதன் முதல் இயக்குநர். 1915-இல், அன்று ஹைதராபாத் நாட்டைச் சேர்ந்த மாஸ்கியில், அசோகன் என்னும் பெயரைத் தெளிவாகத் தாங்கிய கல்வெட்டைப் பொற்சுரங்கப் பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்தார். 1940-களின் தொடக்கத்தில் கொண்டாப்பூரில் சாதவாகனர் காலத்து ஊர் ஒன்று அகழப்பட்டது. நாகார்ச்சுனசாகர் அணை நீர் சூழும் முன்னர், 1954 முதல் 1960 வரை நாகார்ச்சுனகொண்டாப் பள்ளத்தாக்கில் இரவு பகலாக அகழ்ந்து, காக்கக் கூடியவற்றைக் குன்றின்மேல் ஏற்றி வைத்தனர். நாம் உல்லாசப் பயணமாகப் படகேறிச் சென்று காணும் தீவு அதுவே. நீர் வரும் நாள் அங்கே குறிக்கப்பட்டிருந்தது, ஆதலால் விரைந்தனர். நம் பக்கத்திலோ வெள்ளம் வரவில்லை, வீடுகள் வந்தன. பாறைகள் வெடித்து உடைக்கப்பட்டன, மனைகள் பிரிக்கப்பட்டன. அவற்றில் நாமும் குடியேறினோம். எவரையும் குறைகூற இதனை எழுதவில்லை. நம் வீட்டு அடித்தளத்தின் கீழும் ஒரு பழையவர் வீடோ கல்லறையோ இருந்திருக்கலாம் என்பதை நினைவூட்டவே எழுதுகின்றோம்.

புகைவண்டித் துறையில் ஊதியம் பெறும் எமக்கு இதில் ஒரு கடனும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாகூரிலிருந்து முல்தானுக்குப் பாதை இட்டபோது, தண்டவாளத்தின் அடியில் பரப்ப ஒப்பந்தக்காரர்கள் அரப்பா மேட்டின் செங்கற்களை வாரிச் சென்றனர். ஏறத்தாழ நூறு மைல் பாதைக்கு அச்செங்கல் போதுமானதாயிற்று என்று அலெக்சாண்டர் கன்னிங்காம் எழுதி வைத்தார். நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட நகரம் வண்டிச் சக்கரத்தின் கீழ்ப் பொடியாயிற்று. அறியாமல் செய்தனர் என்பது உண்மை. ஆயின் அறியாமையே அங்கு அழிவாயிற்று. வீராம்பட்டினத்து மக்களும் அறியாமலேதான் செங்கல் பெயர்த்தனர். அறிந்தவர் ஒருவர் அருகில் இருந்திருந்தால்! அத்தகைய ஒருவரை உருவாக்குவதே கோடைப் பயிற்சி.

இதனையே யாம் அன்பரிடம் கூறினோம். "உங்கள் மகள் மண்வெட்டி பிடிக்கப் போகவில்லை ஐயா, மண்வெட்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்கப் போகிறாள்" என்றோம். அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "தங்குமிடம் எப்படியோ, உணவு எப்படியோ" என்றார். அஃது இசைவின் அறிகுறி என்பதைப் பெண்ணைப் பெற்றோர் அறிவர். தாயார் ஊறுகாய்ப் பாட்டிலும் குடையும் எடுத்து வைத்தார். இரயில் இடத்திற்கு முன்பதிவு செய்யும் பேறு எமக்குக் கிடைத்தது.

இருபது நாள் கழித்துத் திரும்பிய அப்பெண் கறுத்துப் போயிருந்தாள். உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருந்தது. "பொன் கிடைத்ததா? சிலை கிடைத்ததா?" என்று அனைவரும் வினவினர். "என் குழியில் கறுப்பு மண்ணும் சில ஓடுகளும்தான் மாமா" என்று சிரித்தாள். பிறகு குறிப்பேட்டை விரித்துக் காட்டினாள். குழிச் சுவர் ஒன்றை அடுக்கடுக்காக வரைந்து, ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டு, மண்ணின் நிறமும் தன்மையும் குறித்திருந்தாள். கறுப்பு அடுக்கு அடுப்புச் சாம்பலாம். யாரோ அங்கே நெடுங்காலம் சமைத்து உண்டிருக்கின்றனராம். அவள் தந்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அப்பக்கத்தை இருமுறை பார்த்தார். "கையெழுத்து நன்றாக இருக்கிறது" என்று மட்டும் கூறினார்.

மறுவாரம் எம் வீதியில் ஒரு மனைக்கு அடித்தளம் தோண்டினர். மாலை நடைக்குச் சென்ற அன்பர் குழியின் விளிம்பில் நின்று, பக்கச் சுவரை உற்று நோக்கிக்கொண்டிருந்ததை யாம் கண்டோம்.

சங்கத்து அன்பர்களுக்கு எம் வேண்டுகோள் இரண்டே. வீடு கட்டும்போதோ கிணறு தோண்டும்போதோ பழம்பொருள் வெளிப்பட்டால், கிளறாமல், கிடந்த இடத்திலேயே விட்டு உரிய அதிகாரிக்குத் தெரிவியுங்கள். புதையற் சட்டம் 1878-ஆம் ஆண்டு முதலே உள்ளது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைப்பின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. ஓட்டிற்குப் பத்து ரூபாய் மதிப்பு ஏது என்று நகைக்க வேண்டா. அரிக்கமேட்டில் காலத்தை உரைத்தது ஓடுதான். அடுத்து, உங்கள் மகனோ மகளோ கோடையில் அகழாய்வுப் பயிற்சிக்குச் செல்ல விரும்பினால் தடுக்காதீர்கள். பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வந்து வாழும் நமக்கு, வாழும் மண்ணையும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். குடை ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள்.

வாழ்க சங்கம்! வளர்க மாணாக்கர் கல்வி!